சூரனை நிறுத்தி வைத்த தலையாட்டல்

முதலில் மன்னிப்பு. எழுதுவதற்கு எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. பத்தாம் வகுப்பு வரை படித்தேன். அதிலும் ஆங்கிலப் பாடம் என்னை இரண்டு முறை நிறுத்தி வைத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் முறை இரக்கப்பட்டு விட்டுவிட்டது. கேபிள் தொழிலில் இருபத்தாறு வருடம் ஏணி ஏறி இறங்கினேன். முட்டி என் பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டதால் போன மாதம் விலகினேன். விலகியவனைச் சும்மா விடுவதில்லை என்று நம் சங்கத்தில் ஒரு வழக்கமாம். ‘புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு நம்ம சங்க மலர்ல நாலு வார்த்தை எழுதிக் குடுங்க மணி’ என்றார் செயலாளர். மேடையில் பேசச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஊரைக் காலி செய்திருப்பேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் ஒப்புக்கொண்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அறிவுரை இருந்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபைபரை எப்படி ஒட்டுவது, பெட்டியை எப்படி மாட்டுவது என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் போனிலேயே வீடியோவாக இருக்கிறது. வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் நான் தலையை ஆட்டியதால், ஒரு பெண்ணின் வேலை போக இருந்த கதையை மட்டும் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது வேலம்பாளையத்தில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு கேபிள்காரரிடம். அங்கிருந்து நெருப்பெரிச்சல் வரைக்கும் எங்கள் வயர்தான். பனியன் கம்பெனிகளுக்கு இன்டர்நெட் கொடுத்தோம், தொழிலாளர்கள் குடியிருக்கும் காலனிகளுக்கு டிவி கொடுத்தோம். இரண்டும் தனித்தனி வயரில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தன. முதலாளிக்கு நிம்மதி ஒத்துக்கொள்ளாது. ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தவர், கையில் ஒரு பையும் தலையில் ஒரு யோசனையும் பின்னால் ஒரு ஆலோசகருமாகத் திரும்பினார். இனிமேல் டிவியும் இன்டர்நெட் வயரிலேயே போகும் என்றார்.

ஆலோசகர் சென்னைக்காரர். நல்ல மனிதர். எங்கள் ஊருக்கு வரும்போது குடிக்கிற தண்ணீரைக்கூடச் சொந்தமாகக் கொண்டுவந்துவிடுவார். நம் ஊர்த் தண்ணீரைப் பற்றி யாரோ பெருமையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

புதியவர்களுக்காக ஒரு விஷயம். நூறு வீட்டில் ஒரே சேனலைப் பார்த்தால் நூறு பிரதி அனுப்ப முடியாது, வயர் தாங்காது. ஒரே பிரதியை அனுப்பி, வழி பிரிகிற இடத்தில் மட்டும் இரண்டாக்கி, நாலாக்கிக் கொடுக்க வேண்டும். இதுதான் மல்டிகாஸ்ட். எங்கே பிரிப்பது, யாரைக் கேட்டுப் பிரிப்பது என்பதில்தான் படித்தவர்களுக்குள் சண்டை.

மூன்று வழி இருப்பதாக ஆலோசகர் படம் போட்டுக் காட்டினார். முதல் வழி, எல்லாச் சேனலையும் எல்லார் வாசலிலும் கொட்டிவிடுவது. வேண்டாதவர்கள் வேண்டாம் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். அமைப்பது சுலபம் என்றார். முதலாளிக்குச் சுலபம் என்ற சொல் பிடிக்கும். ஆபீசில் ஐந்து சேனலை வைத்துப் பார்த்தோம், கண்ணாடி மாதிரி ஓடியது. முதலாளி கை தட்டினார், நாங்களும் தட்டினோம். அவர் தட்டும்போது தட்டுவது எங்கள் வேலை நிபந்தனைகளில் ஒன்று.

மொத்தச் சேனலையும் ஏற்றிய அன்று காலை பத்து மணிக்கு, ஒரு பனியன் கம்பெனியிலிருந்து நசீர் பாய் போன் செய்தார்.

“ஏனுங்க மணி, எங்க நெட்டுக்கு விக்கல் புடிச்சிருக்குதுங்க. மூணு நிமிசத்துக்கு ஒருக்கா நிக்குது. சித்த தண்ணி குடுத்துப் பாக்கட்டுங்களா?”

காரணம் இதுதான். அந்த முறையில் ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் மூன்று நிமிடம்தான் ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு மறந்துபோய், மறுபடியும் எல்லாவற்றையும் அவர் வாசலில் கொட்டும். அவர் மறுபடியும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொன்னதை மூன்று நிமிடத்தில் மறப்பது எங்கள் முதலாளிக்கு மிகவும் பொருத்தமான ஏற்பாடு. ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குத்தான் பொருந்தவில்லை.

இன்னொரு வழியில், கேட்பவரே இந்தச் சேனல் வேண்டும், இன்ன இடத்திலிருந்து வேண்டும் என்று விலாசத்தோடு கேட்பார். நடுவில் ஆள் தேவையில்லை. இதுதான் சிறந்தது என்று ஆலோசகரே சொன்னார். ஆனால் அவரைக் கேட்பதற்கு முன்பே முதலாளி ஒரு அறை நிறைய செட்டாப் பாக்ஸ் வாங்கி அடுக்கியிருந்தார். அந்தப் பெட்டிகளுக்கு விலாசத்தோடு கேட்கத் தெரியாது. பழைய பெட்டிகள், மலிவாக வந்தவை. ஆகவே எங்கள் ஊரில் மல்டிகாஸ்ட் முறையைத் தேர்ந்தெடுத்தது ஆலோசகர் என்று யாரும் நினைக்க வேண்டாம். மூலையில் பிரிக்காமல் கிடந்த அட்டைப் பெட்டிகள்தான் தேர்ந்தெடுத்தன. நீங்கள் வேலை பார்க்கப் போகிற பல இடங்களிலும் அப்படித்தான் இருக்கும். அதிர்ச்சி அடையாதீர்கள்.

மிச்சம் இருந்தது நடுவழி. கேட்டவருக்கு மட்டும் கொடுப்பது. யார் எந்தச் சேனலைக் கேட்டாலும் அந்தக் கேள்வி முதலில் நடுவில் இருக்கும் ஒரு ரூட்டருக்குப் போகும், அது வழி காட்டும். இந்த நடு ரூட்டரை எங்கே வைப்பது என்று ஒரு பகல் முழுக்கப் பேச்சு. நெட்வொர்க்கின் மையத்தில் என்றார் ஆலோசகர். முதலாளி வாஸ்து பார்ப்பவரைக் கூட்டி வந்தார். ஈசானிய மூலையில் கனம் ஏற்றக் கூடாது, கன்னி மூலையில் வையுங்கள் என்று அவர் சொன்னார். ‘மொத்தமே நாலு கிலோதானுங்க’ என்று நான் மனதுக்குள் சொன்னேன். என்னுடைய சிறந்த கருத்துகள் எல்லாம் அங்கேதான் வெளியாகும். நெட்வொர்க்கின் மையமே எங்கள் ஆபீஸ் அறைதான் என்பதால், அந்த அறையின் கன்னி மூலையில் ரூட்டர் உட்கார்ந்தது. தங்கள் பேச்சுதான் எடுபட்டது என்று இரண்டு நிபுணர்களும் திருப்தியாகப் போனார்கள்.

இதுவரைக்கும் சிரிப்பு. இனிமேல் என் கதை.

கன்ட்ரோல் ரூமில் செல்வி என்று ஒரு பெண். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, முப்பது வயது இருக்கும். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் ஆறு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். காலில் நரம்பு சுருண்டுபோய், இனிமேல் நின்றால் காலை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்ன பிறகு, கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்ப் படித்து எங்கள் ஆபீசில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு வந்தாள். எங்கள் ஆபீசில் புத்தகத்தைப் படித்துவிட்டு வேலை செய்கிற ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் எல்லாம் அனுபவசாலிகள்.

கந்த சஷ்டிக்குப் பத்து நாளைக்கு முன்னால் கடைசிக் கூட்டம் நடந்தது. ரிமோட்டை அமுக்கினால் கண் இமைக்கிற நேரத்தில் சேனல் மாற வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. அதற்கு ஒரு ஏற்பாடு இருப்பதாக ஆலோசகர் சொன்னார். ஒரு பெட்டி இந்தச் சேனல் போதும் என்று சொன்ன அடுத்த கணமே, வயர்களைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச் பெட்டி அந்த வயரில் அந்தச் சேனலை நிறுத்திவிடும். வேறு யாராவது பார்க்கிறீர்களா என்று விசாரித்துக்கொண்டு நிற்காது. அதனால் வேகம்.

“ஒரு வயர்ல ஒரே ஒரு வாடிக்கையாளர் இருக்கற இடத்துல மட்டுந்தான் இதைப் போடணும். டாக்குமென்ட்லயும் எழுதியிருக்கேன். இங்கே அப்படித்தானே?” என்று கேட்டார் ஆலோசகர். சுவரில் எங்கள் நெட்வொர்க் வரைபடம் தொங்கியது. அதில் ஒவ்வொரு வயரின் நுனியிலும் அழகாக ஒரே ஒரு புள்ளி.

செல்வி படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, வயர் இழுத்தது நீங்கதான? ஒரு வயருக்கு ஒரு வீடுதானா?”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். முதலாளி, ஆலோசகர், டீ கொண்டுவந்தவர்கூட. எனக்குக் காது சுட்டது. நான் தலையை ஆட்டினேன்.

என் தலையாட்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது மேலும் கீழும் போகாது, பக்கவாட்டிலும் போகாது. கேட்பவருக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். செல்வி ‘ஆமாம்’ என்று எடுத்துக்கொண்டாள். எல்லா சுவிட்சிலும் அந்த ஏற்பாட்டுக்கான கட்டளையைப் போட்டாள்.

எனக்குத் தெரிந்த உண்மை இது. லைன் வீடு என்றால் ஒரே கூரைக்குக் கீழே பத்து அறை, பத்துக் குடும்பம், ஒரு குழாய். வீட்டுக்காரர் சுவரில் ஒரே ஒரு ஓட்டை போடத்தான் விடுவார். பழைய கேபிள் காலத்தில் ஒரு வயரை உள்ளே விட்டு, அங்கே பத்தாகப் பிரித்துவிடுவோம். ஃபைபர் வந்தபோதும் கை பழகிய மாதிரியே செய்தது. ஒரு வயரை உள்ளே கொண்டுபோய், கூரைக்குக் கீழே ஒரு சின்ன சுவிட்ச் டப்பாவை ஆணி அடித்து மாட்டி, அதிலிருந்து பத்து அறைக்கும் இழுத்தேன். நான் மட்டும் இல்லை, வயர் இழுக்கிற எல்லாரும் அப்படித்தான். அது ரகசியமும் இல்லை. ஏணி ஏறுகிற அத்தனை பேருக்கும் தெரியும். நாற்காலியில் இருக்கிற ஒருவருக்கும் தெரியாது. வரைபடத்தில் அது ஒரு புள்ளி.

அன்று நான் சொல்ல வேண்டியது இரண்டு வார்த்தை. ‘பத்து ரூம்ங்க.’ சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். விளக்க வேண்டும். ஆலோசகர் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்பார். என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இதற்கெல்லாம் தலையை ஆட்டுவது மேல் என்று தோன்றியது. அந்தக் கட்டளை டப்பாவை என்ன செய்யும் என்று எனக்குத் தெளிவாகப் புரியவில்லை என்பதும் உண்மை. புரியவில்லை என்று சொல்லவும் வாய் திறக்க வேண்டுமே.

சஷ்டி வந்தது. எங்கள் பெரிய வாடிக்கையாளர் பழனிச்சாமி அய்யா. பன்னிரண்டு லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். “சூரசம்ஹாரம் வரைக்கும் பாப்பனுங்க. அன்னைக்குச் சரியா ஓடலைன்னா எல்லா ஊட்டுக்கும் மாடியில டிஷ் குடையை மாட்டிட்டு உங்க வயரை அத்துப்போடுவேன்” என்று முன்பே சொல்லியிருந்தார். அவர் போனால் மற்ற காலனிக்காரர்களும் போய்விடுவார்கள். ஆறு நாள் விரதத்தில், ஆறாம் நாள் சாயங்காலம், பாலும் பழமுமாக இருந்த மனிதரை நாங்கள் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டோம்.

கன்ட்ரோல் ரூமில் முதலாளி லட்டு வாங்கி வைத்திருந்தார். ஆபீஸ் டிவியில் கடற்கரையும் கூட்டமும் தெரிந்தன. யானைமுகன் களத்துக்கு வந்த நேரத்தில் போன் அடித்தது. முதலாளி ஸ்பீக்கரில் போட்டார். லைன் வீட்டிலிருந்து பழனிச்சாமி அய்யா.

“ஏனுங்க, யானைமுகன் தும்பிக்கையைத் தூக்குனவன் தூக்குனபடிக்கே நிக்கறானுங்க! அரை மணி நேரமாச்சு!”

“அரை மணி நேரமாங்களா? இப்பத்தானுங்களே ஆரம்பிச்சாங்க.”

“ரெண்டு நிமிசம்னு வெச்சுக்குங்க. வெரதத்துல இருக்கறவனுக்கு அது அரை மணி நேரந்தானுங்க!”

அவர் வைப்பதற்குள் அடுத்த போன், அதற்கடுத்த போன். படம் நிற்கிறது, வருகிறது, மறுபடி நிற்கிறது. எங்கள் டிவியில் மட்டும் ஒரு தடங்கலும் இல்லை. செல்வியின் திரையில் எல்லா விளக்கும் பச்சை. “இங்கே எல்லாம் பச்சைதான்” என்று ஆலோசகர் மூன்று முறை சொன்னார். பச்சையைப் பார்த்து யானைமுகன் நகர்ந்துவிடுவான் என்று நம்பினார் போலிருக்கிறது.

“மணி, போய்ப் பாரு” என்றார் முதலாளி. பார்ப்பதுதான் எனக்கு வரும். வண்டியை எடுத்தேன்.

பழனிச்சாமி அய்யாவின் முதல் லைன் வீட்டில் பத்துக் கதவும் திறந்து, பத்து வாசலிலும் ஆட்கள் ரிமோட்டும் கையுமாக நின்றார்கள். நடுவில் தனலட்சுமி அக்கா. பனியன் கம்பெனியில் ஓரம் தைக்கிற ஓவர்லாக் டெய்லர். விசாரணை அவர் தலைமையில் நடந்துகொண்டிருந்தது. எதிரே ஏழாம் நம்பர் அறையில் குடியிருக்கும் ஒடிசாக்காரர்கள் மூன்று பேர், என்ன குற்றம் என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“வாங்க கேபிளு. நாங்களே கண்டுபுடிச்சிட்டோம்” என்றார் அக்கா. “ஏழாம் நம்பர்ல ரிமோட்டைத் தொட்டா எங்க ஊட்டுல முருகன் நின்னுபோறாருங்க.”

“அதெப்படிங்க்கா, வேற வேற டிவிதானுங்களே.”

“நீங்க சொல்லுவீங்கன்னு தெரியும். பாருங்க. பையா, மாத்து.”

ஒடிசாத் தம்பி பயந்துகொண்டே சஷ்டிச் சேனலில் இருந்து பாட்டுச் சேனலுக்கு மாற்றினான். அந்த நொடியில் மற்ற ஒன்பது அறையிலும் சிங்கமுகன் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டான். “அய்யோ” என்று ஒன்பது அறையிலிருந்தும் ஒரே குரலில் சத்தம்.

“ஹம் குச் நஹி கியா, பையா” என்றான் அவன், கும்பிடாத குறையாக.

“நீ ஒண்ணும் பண்ணலை கண்ணு. மாத்துனே, அவ்வளவுதான்” என்றார் அக்கா. “இப்பப் பாருங்க, ரெண்டு நிமிசத்துல தானா வரும். மூணு தடவை பாத்துட்டோம்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெரிய சுவிட்சுக்கு அந்த வயரில் ஒரே வீடு என்று சொல்லி வைத்திருக்கிறோம். ஒரு அறை போதும் என்றதும் அது பத்து அறைக்கும் நிறுத்திவிடுகிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது வழக்கமாகக் கணக்கெடுக்கும்போதுதான் மற்றவர்கள் இருப்பதே அதற்குத் தெரிகிறது. ஆலோசகரும் பச்சை விளக்கும் சேர்ந்து கண்டுபிடிக்க முடியாததை, ஒரு ஓவர்லாக் டெய்லர் மூன்று தடவை பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். காரணம் அவருக்குத் தெரியாது. காரணம் நான்தான், எதிரேயே நின்றுகொண்டிருந்தேன்.

அக்கா அதற்குள் தீர்ப்பும் எழுதிவிட்டார். ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாகப் போய்ப் பத்து ரிமோட்டையும் அதில் வாங்கிப் போட்டார்.

“சூரன் தலை உழுகற வரைக்கும் எவரும் கேக்கப்படாது. கேட்டீங்கன்னா வாளியில தண்ணி ஊத்திப்போடுவேன்.”

அந்த லைன் வீட்டில் பிரச்சினை தீர்ந்தது. இந்த வாளி முறையை ஆலோசகர் தன் படத்தில் நாலாவது வழியாகச் சேர்த்திருக்கலாம்.

ஆனால் மற்ற லைன் வீடுகளில் தனலட்சுமி அக்காக்கள் கிடையாது. செல்விக்குப் போன் போட்டேன். மெதுவாக அவளிடம் சொல்லி, அந்தக் கட்டளையை எடுக்கச் சொல்லிவிட்டால் படமும் ஓடும், என் தலையாட்டலும் வெளியே தெரியாது. மனிதனுக்கு நெருக்கடியில் தோன்றுகிற முதல் யோசனை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

“அண்ணே, நான் எதையும் தொடக் கூடாதாம்” என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. “பாஸ்வேர்டை மாத்திட்டாங்க. கீபோர்டைக்கூட அந்தப் பக்கம் எடுத்து வச்சிட்டாங்க. தனி வயர்ல மட்டும் போடணும்னு டாக்குமென்ட்ல நாப்பத்தோராம் பக்கத்துல இருக்காம், நான் படிக்காம எல்லாத்துலயும் போட்டுட்டேனாம். நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டாவ.”

“நீ படிச்சியில்ல?”

“படிச்சதுனாலதானண்ணே அன்னைக்கு ஒங்ககிட்ட கேட்டேன்.”

போனை வைத்தேன்.

காலனியிலிருந்து ஆபீசுக்கு ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தில் நான் தயாரித்த பேச்சுகளை எல்லாம் அச்சடித்தால் இந்த மலர் போதாது. ‘யாரோ டப்பா மாட்டியிருக்காங்கங்க’ என்று ஒன்று. ‘எலி கடிச்சிருக்கும்போல’ என்று ஒன்று. ‘நாளைக்கு முதலாளி தனியாக இருக்கும்போது சொல்லலாம்’ என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் நாளைக்கு அவள் அங்கே இருக்க மாட்டாள். செக்கிங் டேபிள் முன்னால் நின்றுகொண்டிருப்பாள்.

ஆபீஸ் வாசலில் பழனிச்சாமி அய்யாவின் காரும் நின்றது. நேரிலேயே சண்டை போட வந்துவிட்டார். உள்ளே ஆலோசகர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, நாற்பத்தோராம் பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார். செல்வி மூலையில் நின்றாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

“என்ன மணி, என்னவாமா?” என்றார் முதலாளி.

நாலு பேர் என்னைப் பார்த்தார்கள். பழக்கத்தில் தலை ஆட ஆரம்பித்துவிட்டது. கழுத்தைக் கெட்டியாக வைத்துக்கொண்டேன்.

“நாந்தானுங்க.”

“என்ன நீதான்?”

“லைன் ஊட்டுல ஒரு வயருக்குப் பத்து ரூம்ங்க. உள்ள டப்பா மாட்டிப் பிரிச்சிருக்கறனுங்க. அந்தப் புள்ள அன்னைக்கு என்றகிட்டக் கேட்டுச்சு. நான் தலைய ஆட்டிப்போட்டேன். அது மேல தப்பில்லீங்க.”

ஆலோசகர் மெதுவாக வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“எந்த லைன் வீடு?”

“எல்லாமுங்க.”

“எல்லாம்னா?”

“வேலம்பாளையத்துல இருந்து நெருப்பெரிச்சல் வரைக்குமுங்க.”

ஆலோசகர் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். நல்லவேளை கொண்டுவந்திருந்தார். பிறகு, நேரடியாக ஒருமுறை உறுதி செய்ய வேண்டும் என்றார். தனலட்சுமி அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“அக்கா, சாரு பாக்கோணுமாம். ஏழாம் நம்பரை ஒருக்கா மாத்தச் சொல்றீங்களா?”

“சூரனே வந்துட்டான், இப்பப் போயி மாத்தறதா? அந்தச் சாரை நேர்ல வரச் சொல்லுங்க, நாங்க மாத்தறோம் அவரை!”

ஆலோசகர் உறுதி ஆகிவிட்டதாக ஒப்புக்கொண்டார்.

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏப்பா, இத்தன வருசத்துல நீ வாயத் தொறந்து நான் பாத்ததே இல்ல. தொறந்ததும் இதுதான் வருதா?” என்றார். திட்டுகிறாரா, வருத்தப்படுகிறாரா என்று இன்றைக்கும் தெரியவில்லை. பழனிச்சாமி அய்யா பொறுமை இழந்தார்.

“யாரு தப்புங்கறதை அப்பறம் ஏலம் போட்டுக்குங்க. யாருக்கு இதைச் சரி பண்ணத் தெரியும்?”

ஆலோசகருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். எந்த வயர் லைன் வீட்டுக்குப் போகிறது என்று தெரியாது. எனக்கு வயர் தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது. கீபோர்டைச் செல்வி பக்கம் தள்ளி வைத்தது பழனிச்சாமி அய்யாதான். ஆலோசகர் புதுப் பாஸ்வேர்டைச் சொல்ல, அவள் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்று சுவிட்ச் பெயரையும் வயர் எண்ணையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் ஒவ்வொன்றாக அந்தக் கட்டளையை எடுத்தாள். எடுத்த பிறகு ஒருவர் போதும் என்று சொன்னால், சுவிட்ச் ‘வேறு யாராவது பார்க்கிறீர்களா?’ என்று கேட்கும். பதில் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிறுத்தும். கூடுதலாக ஒரு நொடி, இரண்டு நொடி ஆகும். அந்த நொடியை மிச்சப்படுத்தத்தான் இவ்வளவும். ஆளை நிறுத்துவதற்கும் இப்படி ஒரு கட்டளை ஆபீசில் இருந்தால் தேவலை என்று நினைத்தேன். மனதுக்குள்தான். ஒரு நாளைக்கு ஒரு பேச்சு போதும்.

சூரன் மாமரமாகும்போது போன் அடிப்பது குறைந்தது. சேவலாகும்போது நின்றேவிட்டது. பழனிச்சாமி அய்யா எங்கள் டிவி முன்னாலேயே கையெடுத்துக் கும்பிட்டார். லட்டுத் தட்டை நீட்டியபோது, “சூரசம்ஹாரம் முடிஞ்சு குளிக்காம எப்படிங்க” என்று முறைத்துவிட்டுக் கிளம்பினார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, “குடைக்காரனை வர வேண்டாம்னு சொல்லிடறேன். இப்போதைக்கு” என்றார்.

முதலாளி செல்வியிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. முதலாளிகளின் வயரில் அந்தச் சேனல் வராது. “ஏம்மா, நாளைக்கு ஒம்போது மணிக்கு வந்துரு” என்று, அவள்தான் வரமாட்டேன் என்று சொல்லியிருந்த மாதிரிச் சொன்னார்.

எனக்கு ஒரு நன்றியாவது வரும் என்று நினைத்தேன். செல்வி பையை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

“ஏண்ணே, அன்னைக்கே வாயத் தொறந்து சொன்னா என்ன, கொறஞ்சா போயிருவீய? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. தலைய ஆட்டாதீய. நான் அதை நம்பித்தான் வேலை பாக்கேன்.”

நான் தலையை ஆட்டினேன். உடனே சுதாரித்துக்கொண்டு, “சரிம்மா” என்று வாயால் சொன்னேன்.

பின்னால் வந்த ஆலோசகரின் அறிக்கையில், குறை ‘எங்கள் குழுவால் கள ஆய்வில் கண்டறியப்பட்டது’ என்று எழுதியிருந்ததாகச் செல்வி படித்துச் சொன்னாள். தனலட்சுமி அக்காவைக் குழுவில் சேர்த்த விஷயத்தை அக்காவுக்கு இன்னும் யாரும் தெரிவிக்கவில்லை.

புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். எந்த முறை சிறந்தது என்று புத்தகம் பார்த்துச் சொல்லிவிடுவீர்கள். அந்த முறை எந்தச் சுவருக்குள் போகிறது, சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் புத்தகம் சொல்லாது. அதைத் தெரிந்த ஆள் அநேகமாகக் கூட்டத்தின் கடைசியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் தலையை ஆட்டினால் விடாதீர்கள், வாயால் சொல்ல வையுங்கள். அந்த ஆள் நீங்களாகவே இருந்தால், காது சுடும், பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். காது சுடுவதெல்லாம் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடுகிறது. நான் பார்த்துவிட்டேன்.

மறுநாள் திருக்கல்யாணம் ஒளிபரப்பானது. செல்வி ஒன்பது மணிக்கு வந்து போனை எடுத்தாள். அன்று வந்தவை பதினோரு புகார். ஒன்பது பேருக்கு ரிமோட்டில் பேட்டரி தீர்ந்திருந்தது. மற்ற இரண்டு பேர் வீட்டில் கரண்ட் இல்லை.